பலகையைப் பிரிச்சு அடுக்கினதுதான் காப்பாத்துச்சு

டொராண்டோல ஜனவரில தரைக்குப் போடற ஓக் மரப் பலகை வந்து இறங்கின மறுநாளே ஹால் தரைல ஆணி அடிச்சுட்டாங்க, ஹீட்டர் ஓடி ஓடி வீடு காய்ஞ்சு கிடந்ததால பிப்ரவரிக்குள்ள பலகைக்கு நடுவுல காசு நுழையற அளவு இடைவெளி. மனசே விட்டுப்போச்சு. பெட்ரூமை நானே பாத்துக்கிட்டேன். பெட்டியெல்லாம் பிரிச்சு, வரிசைக்கு வரிசை குச்சி குடுத்து காத்து போற மாதிரி அடுக்கி, காத்துல ஈரம் ஏத்தற ஹியூமிடிஃபையர் போட்டு ரூம் ஈரப்பதத்தை 40%ல நிறுத்தி, மரத்துல எவ்வளவு ஈரம்னு காட்டற மாய்ஸ்சர் மீட்டரால தினமும் குத்திப் பாத்தேன். ஆரம்பத்துல கீழ இருந்த பிளைவுட்ல ஈரம் 7%, பலகைல 11%. எத்தனை நாள் அடுக்கி வைக்கிறோம்ங்கிறது முக்கியமே இல்லங்க, அகலப் பலகைன்னா இந்த வித்தியாசம் 2%க்குள்ள வரணும், அதான் கணக்கு. எனக்கு மூணு வாரம் ஆச்சு. சுவரோரம் முக்கால் இன்ச் விட்டு அடிச்சேன், அடுத்த குளிர்லயும் அப்படியே ஒட்டி நிக்குது. ஹால் இடைவெளில புட்டி மட்டும் அடைச்சுடாதீங்க, கோடைல மரம் விரியும்போது பிதுங்கி வெளிய வந்துடும்.