காய்ச்சல் விடாமல் இழுக்கிறதா? மெலியாய்டோசிஸ் இருக்கிறதா என்று கேளுங்கள்

இரண்டு வாரமாகக் காய்ச்சல், இருமல், எக்ஸ்ரேயில் காசநோய் மாதிரியே நிழல், ஆனால் சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இல்லை. நோயாளிக்குச் சர்க்கரையும் இருக்கிறது என்றால் மெலியாய்டோசிஸ் என்ற பெயரை நீங்களே டாக்டரிடம் எடுத்துச் சொல்லுங்கள், தயங்கவே வேண்டாம்.

வெப்பமண்டல நாடுகளில் ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் வருவது இது. காலில் இருக்கும் சின்ன வெட்டு போதும், உள்ளே போய்விடும். புயல் மழை நேரத்தில் மூச்சு வழியாகவும், சுத்தம் செய்யாத தண்ணீர் வழியாகவும் போகும். 1912-லேயே பர்மாவின் ரங்கூனிலிருந்து விட்மோர், கிருஷ்ணசாமி என்ற இரண்டு டாக்டர்கள் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். ஆனாலும் 2016-ல் வந்த ஒரு மதிப்பீட்டின்படி ஆண்டுக்குச் சுமார் 1,65,000 பேருக்கு வந்து 89,000 பேர் இறக்கிறார்கள், அதில் பெரும்பாலானவை கணக்கிலேயே வருவதில்லை. தாய்லாந்திலும் வட ஆஸ்திரேலியாவிலும் தேடுகிறார்கள், அதனால் கிடைக்கிறது. தேடாத இடத்தில் நிமோனியா, காசநோய் என்று ஏதோ ஒரு பெயரில் போய்விடுகிறது.

டாக்டரிடம் போகும்போது முதலில் சொல்ல வேண்டியது, கடந்த மூன்று வாரத்தில் சேற்றிலோ வெள்ளத்திலோ இறங்கினாரா என்பது. அதற்கு முன்னால் இறங்கியிருந்தாலும் சொல்லுங்கள், ஏனென்றால் சிலருக்கு இந்தக் கிருமி வருடக்கணக்கில் உடம்பில் பதுங்கியிருந்து பிறகு கிளம்பும். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு, அதிகக் குடி, இதில் எது இருந்தாலும் மறைக்காதீர்கள்.

அப்புறம் கல்ச்சர், அதாவது கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை. ரத்தம், சிறுநீர், சளி, தொண்டை, எங்காவது சீழ் இருந்தால் அதுவும், எல்லாவற்றிலிருந்தும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். லேபுக்குப் போகும் சீட்டில் 'மெலியாய்டோசிஸ் சந்தேகம்' என்று எழுதியிருப்பது ரொம்ப முக்கியம். அப்போதுதான் அவர்கள் இந்தக் கிருமி வளர்வதற்கான தனிக் கலவையில் வளர்ப்பார்கள், கூடுதல் நாள் வைத்துப் பார்ப்பார்கள், தங்களையும் பாதுகாத்துக்கொள்வார்கள். ஒரு தடவை ஒன்றும் வளரவில்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை, கல்ச்சர் பத்தில் ஆறு பேரிடம்தான் பிடிக்கும். சந்தேகம் தீராவிட்டால் திரும்ப எடுக்க வேண்டும், கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டி இருக்கிறதா என்று வயிற்று ஸ்கேனும் பார்க்க வேண்டும்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நிதானமாகப் படியுங்கள். 'சூடோமோனாஸ் வகை' என்று வேறொரு பாக்டீரியாவின் பெயரையோ 'வெளியிலிருந்து கலந்த கிருமி' என்றோ போட்டுவிட்டு, கீழே ஆன்டிபயாட்டிக் மருந்துப் பட்டியலில் ஜென்டாமைசினும் கோலிஸ்டினும் வேலை செய்யாது, கோ-அமாக்சிக்ளாவ் வேலை செய்யும் என்று இருந்தால் அப்படியே விட்டுவிடாதீர்கள். இந்தச் சேர்க்கை மெலியாய்டோசிஸுக்கே உரியது மாதிரி. அந்தத் தாளைக் காட்டி, கிருமியை இன்னொரு முறை உறுதிசெய்யச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

உறுதியானால் செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசி, குறைந்தது 10 முதல் 14 நாள். காய்ச்சல் ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கலாம், அதைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று ஆஸ்பத்திரி மாற்றிவிடாதீர்கள். அதன்பிறகு கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரை, குறைந்தது மூன்று மாதம். உடம்பு தேறியதும் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள், நோய் திரும்ப வருவது பெரும்பாலும் அங்கேதான். தோலில் தடிப்பு வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள், மாற்று மாத்திரை இருக்கிறது.