ஜெபிக்க மனசே வரவில்லையா? ஆவிக்குரிய சோம்பலை விட்டு எழும்ப, படிப்படியாக

வேதாகமம் அலமாரியில் இருக்கிறது, போனிலும் இருக்கிறது. ஞாயிறு ஆராதனைக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஆனால் தனியாக உட்கார்ந்து பத்து நிமிஷம் ஜெபிக்கலாம் என்றால் மட்டும் மனசு நழுவுகிறது. "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டே மாதங்கள் ஓடிவிட்டன. விசுவாசத்தை விட்டுவிடவில்லை, பெரிதாக வழிவிலகவும் இல்லை, உள்ளே இருந்த அனல் மட்டும் எப்போது தணிந்தது என்றே தெரியவில்லை.

இந்த நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். குறிப்பாகச் சிங்கப்பூரில் வேலை, வீடு, பிள்ளைகளின் படிப்பு என்று ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு. புதிதாக விசுவாசத்துக்குள் வந்தவர்களும் அப்படியே பின்பற்றலாம். என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உற்சாகம் வந்த பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருப்போம். உற்சாகம் இல்லாமலே தொடங்க வேண்டும்.

முதல் படி: இது சோம்பலா, களைப்பா?

இதைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்துவிட்டு விடுதிக்குத் திரும்பும் தம்பிக்கு, முழங்காலில் நின்றவுடன் கண் சொக்குகிறது என்றால் அதற்குப் பெயர் சோம்பல் அல்ல. கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருக்கும் தாய்க்கும் அப்படித்தான்.

எலியா தீர்க்கதரிசியைப் பாருங்கள் (1 இராஜாக்கள் 19). கர்மேல் மலையில் அத்தனை பெரிய வெற்றிக்கு அப்புறம், வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூதன் வந்து தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்குகிறார். தூதன் இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிட வைக்கிறான். தேவன் அவரிடம் பேசியது அதற்குப் பிறகு, ஓரேப் மலையில்.

ஆகவே ஒரு வாரம் நேரத்தோடு தூங்கிப் பாருங்கள். அப்போதும் ஜெபம் கசந்தால் அடுத்த படிக்கு வாருங்கள். வாரக்கணக்கில் எதிலுமே பிடிப்பில்லை, சாப்பாடும் தூக்கமும் கெட்டுவிட்டன, வாழ்க்கையே வெறுத்துப்போகிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். பாலிகிளினிக்கில் இதைச் சொல்லலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அது விசுவாசக் குறைவும் அல்ல.

இரண்டாம் படி: அது வரும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தச் சோம்பல் நம் காலத்தில் முளைத்தது அல்ல. நான்காம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி (இறந்தது 399-இல்) இதைப் பற்றி விளக்கமாக எழுதியிருக்கிறார். காலை பத்து மணிவாக்கில் அது துறவியைப் பிடிக்கும். சூரியன் நகராததுபோலத் தெரியும், பகலுக்கு ஐம்பது மணி நேரம் இருப்பதுபோல இருக்கும். அவன் ஜன்னலை ஜன்னலைப் பார்ப்பான், சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று வெளியே வந்து வெயிலைப் பார்ப்பான். கொஞ்ச நேரத்தில், "இந்த இடமே சரியில்லை, இங்குள்ள சகோதரர்களிடம் அன்பே இல்லை, வேறு எங்காவது போனால் தேவனை இன்னும் நன்றாகத் தேடலாம்" என்று தோன்றும். சங்கீதம் 91:6 "மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம்" என்கிறதே, அந்த வசனத்தை வைத்து இதை மத்தியானப் பேய் என்றே அவர் அழைத்தார்.

நம்முடைய ஜன்னல் கையிலேயே இருக்கிறது. ஜெபிக்க உட்கார்ந்த இரண்டாம் நிமிஷம் போனை எடுக்கிறோம். எடுத்ததும் கெட்டது எதையும் பார்ப்பதில்லை என்பதுதான் இதில் ஏமாற்று. வாட்ஸ்அப்பில் வந்த வசனப் படத்தை நாலு குழுவுக்கு அனுப்புகிறோம், யூடியூபில் ஒரு பிரசங்கத்தை ஓடவிட்டுப் பாதியில் இன்னொன்றுக்குத் தாவுகிறோம். தேவனைப் பற்றி நிறையக் கேட்டிருப்போம், தேவனிடம் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டோம். பிரசங்கம் கேட்பது நல்லதுதான், ஆனால் அது தனி ஜெபத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

இன்று ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஜெபிக்க நினைத்து எழுந்துபோன கணத்தில் மனசுக்குள் ஓடிய சாக்கை ஒரு துண்டுச் சீட்டில் அப்படியே எழுதிவையுங்கள். "துணி காயப்போட்டுட்டு வந்துடலாம்" என்பது போல ஏதாவது இருக்கும். எழுதிப் பார்த்தால் அதன் பலம் பாதி போய்விடும்.

மூன்றாம் படி: நேரத்தையும் இடத்தையும் கட்டிப்போடுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். "இனிமேல் தினமும் அதிகாலை நாலு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபிப்பேன்" என்ற பொருத்தனை வேண்டாம். இயேசு "அதிகாலையில், இருட்டோடே" எழுந்து ஜெபித்தார் (மாற்கு 1:35) என்பது உண்மை. அந்த இடத்துக்கு நீங்களும் வரலாம். ஆனால் ஆரம்பத்தில் பத்து நிமிஷம் போதும். பத்து நிமிஷத்தைத் தினமும் காப்பாற்றுவதே பெரிய காரியம்.

அந்தப் பத்து நிமிஷத்தை, ஏற்கெனவே நீங்கள் தவறாமல் செய்கிற ஒன்றோடு சேர்த்துவிடுங்கள். இந்த ஊரில் நிறையப் பேருக்கு அது ரயில். செங்காங்கிலிருந்து வேலைக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். பிளாட்பாரத்தில் நிற்கும்போதே போனை ஏரோப்பிளேன் மோடில் போடுங்கள். கையடக்கப் புதிய ஏற்பாட்டுப் புத்தகம் பையில் இருந்தால் இன்னும் நல்லது. கதவு மூடியதும் வாசிக்கத் தொடங்குங்கள். புவாங்கோக், ஹவ்காங், கோவன் என்று நிலையங்கள் போய்க்கொண்டிருக்கும். சிராங்கூன் வருவதற்குள் ஒரு அதிகாரம் முடிந்துவிடும். சிராங்கூனில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் நெருக்குவார்கள். புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்தபடியே, வாசித்ததில் மனதில் நின்ற ஒரு வசனத்தை வைத்து உள்ளுக்குள் ஜெபியுங்கள். பக்கத்தில் நிற்பவருக்கு நீங்கள் ஜெபிப்பது தெரிய வேண்டியதே இல்லை. ஃபேரர் பார்க் வரும்போது அன்றைய வேலையை, சந்திக்கப்போகும் ஆட்களைப் பேர் சொல்லி ஒப்புக்கொடுங்கள். இறங்கிய பிறகு போனைத் திறங்கள், அதற்கு முன் வேண்டாம்.

ரயிலில் போகாதவர்கள் வேறு ஏதாவது பாருங்கள். பிள்ளையைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டு வரும் அம்மாவுக்கு, வீட்டுக்குத் திரும்பும் முன் புளோக்கின் கீழே வாய்ட் டெக்கில் (திறந்த கீழ்த்தளத்தில்) கல்மேசை இருக்கிறது. விடுதியில் தனியிடம் கிடைக்காத தம்பிமார் வேலைக்கு ஏற்றிப்போகும் லாரிக்காகக் காத்திருக்கும் நேரத்தைப் பயன்படுத்தலாம். எந்த இடமானாலும் சரி, தினமும் அதே இடமாக இருக்கட்டும். "கிடைக்கும்போது ஜெபிக்கிறேன்" என்றால் கிடைக்கவே கிடைக்காது.

நான்காம் படி: எதை வாசிப்பது, எப்படி ஜெபிப்பது

ஆதியாகமத்தில் தொடங்கி ஒரே மூச்சில் முழு வேதாகமத்தையும் முடிக்கும் திட்டம் இப்போதைக்கு வேண்டாம். மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள். மொத்தமே 16 அதிகாரங்கள். முதல் அதிகாரத்தில் 45 வசனங்கள். நிதானமாக வாசித்தாலும் பத்து நிமிஷத்துக்குள் முடியும். கதை வேகமாக நகரும், இயேசு நடந்துகொண்டே இருப்பார், மனசு அலையாது. மாற்கு முடிந்ததும் சங்கீதங்களுக்கு வாருங்கள். நாளுக்கு ஒன்று என்றால் 150 சங்கீதங்கள் ஐந்து மாதத்தில் முடியும்.

ஜெபத்துக்கு அழகான வார்த்தைகள் தேட வேண்டாம். "ஆண்டவரே, இன்று எனக்கு ஜெபிக்க மனசில்லை" என்பதே நல்ல தொடக்கம். அப்புறம் ஒரு நன்றி, ஒரு பாவ அறிக்கை, வேறொருவருக்காக ஒரு விண்ணப்பம். நன்றியைப் பொதுவாகச் சொல்லாமல் குறிப்பாகச் சொல்லுங்கள். "எல்லா நன்மைக்கும் ஸ்தோத்திரம்" என்பது வாய்ப்பாடாகிவிடும். "நேற்று அம்மாவுக்கு ரத்த அழுத்தம் சரியாக இருந்ததே, அதற்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லும்போது மனசும் கூடவே வருகிறது.

ஐந்தாம் படி: வறண்ட நாளில் உங்கள் ஆத்துமாவிடம் பேசுங்கள்

சில நாள் வசனம் வெறும் எழுத்தாகத்தான் இருக்கும். அன்றைக்கு எழுந்து போய்விடாமல் இருப்பதே ஜெபம். எவாக்ரியுஸ் இதற்கு ஒரு வழி சொல்கிறார். ஆத்துமாவை இரண்டு பங்காக்கி, ஒன்று மற்றொன்றைத் தேற்றட்டும் என்று சொல்லி, 42-ஆம் சங்கீதத்தை எடுத்துக் கொடுக்கிறார்: "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்? ஏன் எனக்குள் தியங்குகிறாய்? தேவனை நோக்கிக் காத்திரு." இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். ரயிலில் என்றால் உதட்டளவில் போதும். நம் மனசு சொல்வதை நாம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். இங்கே நாம் சொல்வதை மனசு கேட்கிறது.

அதற்கும் தெம்பில்லையா? 117-ஆம் சங்கீதத்தில் இரண்டே வசனங்கள். வாசித்துவிட்டு, கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்தை நிறுத்தி நிதானமாகச் சொல்லி முடியுங்கள். மனபாரத்தோடு இருக்கிறீர்கள் என்றால் 13-ஆம் சங்கீதம் உங்களுக்குத்தான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தாவீதே கேட்கலாம் என்றால் நாமும் கேட்கலாம்.

ஒரு நாள் விட்டுப்போனால்? அடுத்த நாள் இரண்டு அதிகாரம் வாசித்து ஈடுகட்ட வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள், அவ்வளவுதான். கடன்போலக் கணக்கு வைத்தால் நான்காவது நாள் மொத்தத்தையும் கைவிட்டுவிடுவோம். "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்று புலம்பல் 3:23 அவருடைய இரக்கங்களைப் பற்றிச் சொல்கிறது. நேற்று விட்டவருக்கும் அதே காலைதான்.

ஆறாம் படி: ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

தனியாக எழும்ப முடிகிறவர்கள் குறைவு. சபையில் நம்பிக்கையான ஒருவரைப் பிடியுங்கள். ஆண்கள் ஆண்களோடும் பெண்கள் பெண்களோடும் சேர்ந்துகொள்வது நல்லது. இரவில் ஒரே ஒரு செய்தி: "அண்ணே, மாற்கு 4 முடிஞ்சது. புயல்ல அவர் தலையணை வச்சுத் தூங்கினது மனசுல நிக்குது." அவரும் தம் பங்குக்கு ஒரு வரி அனுப்புவார். யாராவது விட்டுவிட்டால் மறுநாள், "என்ன தம்பி, நேத்து சத்தமே இல்லையே, உடம்புக்கு முடியலையா?" என்று அக்கறையாகக் கேட்டால் போதும். வேவு பார்ப்பதுபோல ஆகிவிடக் கூடாது.

சபைக்கு நேரில் போவதும் இதிலேயே சேரும். 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சர்க்யூட் பிரேக்கர் (கொரோனா முடக்கம்) இருந்தபோது திரையில் ஆராதித்தோம். அன்று அது தேவையாக இருந்தது. ஆனால் அந்தப் பழக்கத்திலேயே தங்கிவிட்டவர்கள் உண்டு. உடம்பு முடியாதவர்களைச் சொல்லவில்லை. மற்றவர்களுக்கு, சோபாவில் சாய்ந்தபடி நேரலை பார்ப்பது நாளடைவில் ஆராதனையை வேடிக்கையாக்கிவிடும். "சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல நாமும் விட்டுவிடாமல்" என்று எபிரெயர் 10:25 சொல்வது இதைத்தான்.

இந்த ஊரில் தமிழில் ஆராதிக்க இடத்துக்குக் குறைவில்லை. ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் சபை இருக்கிறது, டோர்செட் சாலையில் ஆங்கிலிக்கன் சபையான கிறைஸ்ட் சர்ச் இருக்கிறது. கத்தோலிக்கர்களுக்கு ஓஃபிர் சாலையில் 1888-இல் கட்டி முடித்த லூர்து மாதா ஆலயம். இவை எல்லாமே தேக்கா (லிட்டில் இந்தியா) வட்டாரத்திலிருந்து எட்டும் தூரம்தான். ஞாயிறு ஒரு நாள்தான் விடுமுறை, அன்றுதான் வீட்டுக்குப் பணம் அனுப்பவும் சாமான் வாங்கவும் வேண்டும் என்றால், முதலில் ஆராதனை, பிறகு கடைத்தெரு என்று வரிசையை மாற்றிப் பாருங்கள்.

ஏழாம் படி: கைக்கு ஒரு வேலை

"அசதியாயிராமல் ஜாக்கிரதையாயிருங்கள்; ஆவியிலே அனலாயிருங்கள்; கர்த்தருக்கு ஊழியஞ்செய்யுங்கள்" என்கிறார் பவுல் (ரோமர் 12:11). மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறார். அனலும் ஊழியமும் ஒன்றையொன்று தாங்குகின்றன. மேலே சொன்ன படிகளை ஒரு மாதம் நடந்த பிறகு, ஆராதனை முடிந்ததும் போதகரிடம் போய், "ஐயா, நான் எதிலாவது உதவட்டுமா?" என்று கேளுங்கள். நாற்காலி அடுக்குவது, முதியவர் ஒருவரைத் தாங்கிப் பிடித்து டாக்சி வரை கொண்டுபோய் விடுவது, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு மைலோ கலக்கிக் கொடுப்பது என்று எதைச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளுங்கள். மேடையில் நிற்கும் ஊழியம் இப்போது வேண்டாம், ஜெபத்தில் கொஞ்சம் வேர் பிடிக்கட்டும். ஒரே ஒரு பொறுப்பு, அதுவும் மூன்று மாதத்துக்கு என்று சொல்லிவிட்டே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் முடிந்ததும் தொடர்வதா, மாற்றுவதா என்று அவரோடு உட்கார்ந்து பேசலாம்.