மலாவியின் பசி மாதங்கள்: உதவ நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவியில் மழைக்காலம் ஒன்றுதான். நவம்பர் வாக்கில் விதைத்து ஏப்ரல், மே மாதங்களில் அறுக்கிறார்கள். அந்த ஒரே அறுவடைதான் அடுத்த ஏப்ரல் வரை சோறு போட வேண்டும். பெரும்பாலான குடும்பங்களிடம் இருப்பதோ ஒரு ஹெக்டேருக்கும் குறைந்த நிலம். அதனால் டிசம்பர் தொடங்கி மார்ச் வரை பல வீடுகளில் குதிர் காலி. மக்காச்சோள மாவில் கிண்டும் என்சிமா என்ற களிதான் அங்கே அன்றாட உணவு. மக்காச்சோளம் தீர்ந்தால் சாப்பாடே தீர்ந்த மாதிரி.

இப்படிப்பட்ட இடத்தில் 'உணவில் தன்னிறைவு' பேசும் திட்டங்கள் பலவும் ஏக்கருக்கு எத்தனை மூட்டை விளைந்தது என்றே கணக்குப் பார்க்கின்றன. முதல் தவறு அங்கேதான் தொடங்குகிறது. அந்த வீட்டில் எந்த மாதம் தானியம் தீர்கிறது, போன வருடத்தைவிட எத்தனை வாரம் தள்ளிப் போயிருக்கிறது என்று கேட்க வேண்டும்.

பசி மாதங்களில் இந்தக் குடும்பத்தினர் பக்கத்தில் உள்ள வசதியானவர்களின் நிலத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள். இதை 'கன்யூ' என்பார்கள். கூலி பணமாகவும் வரும், மக்காச்சோளமாகவும் வரும். சிக்கல் என்னவென்றால், சொந்தப் பயிருக்குக் களையெடுத்து மேலுரம் வைக்க வேண்டியதும் அதே வாரங்களில்தான். அடுத்தவர் காட்டில் களையெடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் தன் காட்டைக் களை மூடிவிடுகிறது. விளைச்சல் குறைகிறது. அடுத்த ஜனவரியிலும் கூலிக்கே போக வேண்டியதாகிறது. இதைப் பார்த்துவிட்டு, 'இவர்களுக்கு விவசாயம் தெரியவில்லை, பயிற்சி கொடுப்போம்' என்று கிளம்புகிறவர்களைக் கண்டால் மனது வலிக்கிறது. எப்போது களையெடுக்க வேண்டும் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அன்றைக்குச் சாப்பிட வீட்டில் எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

எல்லைக்கு அந்தப் பக்கம், ஜாம்பியாவின் சிபாட்டா மாவட்டத்தில் இதற்கு ஒரு வழியைச் சோதித்துப் பார்த்தார்கள். பசி மாதங்களில் மக்காச்சோளமாகவோ பணமாகவோ கடன் கொடுத்து, அறுவடைக்குப் பிறகு திரும்ப வாங்கினார்கள். கடன் கிடைத்த குடும்பங்கள் கூலிக்குப் போவது குறைந்தது. சொந்த நிலத்தில் உழைப்பும் விளைச்சலும் கூடின. கூலிக்கு ஆள் குறைந்ததால் ஊரில் கூலியும் ஏறியது. பெரும்பாலானவர்கள் கடனைத் திருப்பிக் கட்டினார்கள். அதே மக்காச்சோளத்தை மே மாதம் லாரியில் கொண்டுபோய் இலவசமாக இறக்கியிருந்தால், அறுவடை நேரத்தில் ஏற்கெனவே அடிமட்டத்தில் இருக்கும் விலை இன்னும் விழுந்திருக்கும்.

உரமும் வீரிய ஒட்டு விதையும் கொடுத்தால் போதும் என்று நம்புவது அடுத்த தவறு. உரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த மண் களைத்துப் போயிருக்கிறது, உரம் விளைச்சலைக் கூட்டத்தான் செய்யும். 2005 வறட்சிக்குப் பிறகு மலாவி அரசு மானிய விலையில் குடும்பத்துக்கு 50 கிலோ மூட்டை இரண்டு கொடுத்தது: அடியுரம் ஒன்று, யூரியா ஒன்று. 2007-இல் ஜிம்பாப்வேக்கு ஏற்றுமதி செய்யும் அளவுக்கு மக்காச்சோளம் மிஞ்சியது. ஆனால் உரம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அதற்கு டாலர் வேண்டும். டாலர் தட்டுப்பாடு வந்தால் உரம் தாமதமாகும். விதைப்பு முடிந்து வாரக்கணக்கில் கழித்து வந்து சேரும் அடியுரத்தால் என்ன பயன்? மழை பொய்த்தால் உரம் போட்ட காடும் காயும். பசிபிக் கடல் சூடேறுவதால் வரும் எல் நினோ வறட்சியால் 2024 மார்ச்சில் 28 மாவட்டங்களில் 23-இல் பேரிடர் நிலை அறிவிக்கப்பட்டது.

ஆகவே மக்காச்சோளத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. தெற்கு மலாவியில் மக்காச்சோளத்தோடு துவரையை ஊடுபயிராக விதைப்பது பழைய வழக்கம். இரண்டும் ஒரே மழையில் முளைக்கின்றன. துவரை மெதுவாக வளர்ந்து, மக்காச்சோளத்தை அறுத்த பிறகு, ஜூலை தாண்டித்தான் அறுவடைக்கு வரும். அதன் வேர் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கிறது. இலை உதிர்ந்து உரமாகிறது, காய்ந்த தண்டு விறகாகிறது. பருப்பு வீட்டுக்கும் ஆகும், விற்பனைக்கும் ஆகும். மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நிலத்திலேயே கொஞ்ச காலம் கிடக்கும்; வேண்டும்போது தோண்டிக்கொள்ளலாம். ஈரம் நிற்கும் தாழ்நிலங்களில் 'டிம்பா' என்னும் தோட்டங்களில் மழையில்லாத மாதங்களிலும் கீரை, காய், பச்சை மக்காச்சோளம் வரும். இவை மூட்டைக் கணக்கில் சரியாக ஏறுவதில்லை, ஆனால் பசி மாதங்களைக் குறைக்கின்றன.

துவரை விஷயத்தில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தத் துவரைக்குப் பெரிய சந்தை இந்தியா. நம் சாம்பாரில் வேகும் பருப்பில் ஒரு பகுதி ஆப்பிரிக்க மண்ணில் விளைந்தது. 2017 ஆகஸ்டில் இந்திய அரசு துவரை இறக்குமதிக்கு அளவுக் கட்டுப்பாடு விதித்தபோது மலாவி, மொசாம்பிக் விவசாயிகளுக்கு விலை சரிந்தது. ஒரே வெளிநாட்டுச் சந்தையை நம்பிக் குடும்பங்களைப் பணப்பயிருக்குத் திருப்புபவர்கள் இதை மறக்கக் கூடாது. விற்காமல் போனாலும் சமைத்துச் சாப்பிட முடிகிற பயிராகவாவது அது இருக்க வேண்டும்.

சரி, விளைந்ததை எங்கே வைப்பது? இதை யோசிக்காத திட்டங்கள்தான் அதிகம். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த பெரிய தானியத் துளைப்பான் என்னும் வண்டு, குதிரில் இருக்கும் மக்காச்சோளத்தைச் சில மாதங்களில் மாவாக்கிவிடும். அந்தப் பயத்திலும் கடன் நெருக்கடியிலும் ஏப்ரல், மே மாதங்களிலேயே மலிவாக விற்றுவிட்டு, ஜனவரியில் இரட்டிப்பு விலை கொடுத்து வாங்குகிறார்கள். காற்றுப் புகாத மூன்றடுக்குச் சாக்கு இதற்கு நல்ல தீர்வு. உள்ளே காற்று இல்லாமல் பூச்சி செத்துவிடும், மருந்து கலக்க வேண்டாம். ஒன்றே ஒன்று, தானியத்தை நன்றாகக் காய வைத்த பிறகே கட்ட வேண்டும். ஈரத்தோடு சேமித்தால் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் நஞ்சு உண்டாகும். 2004-இல் கிழக்குக் கென்யாவில் இந்த நஞ்சேறிய மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு 125 பேர் இறந்தார்கள்.

பயிற்சிக் கூட்டத்துக்கு ஆண்களை மட்டும் அழைப்பதும் தவறுதான். களையெடுப்பது, விதை எடுத்து வைப்பது, குதிரில் உள்ள தானியத்தைப் பார்த்துக்கொள்வது எல்லாம் பெரும்பாலும் பெண்கள்.

கடைசியாக, கோழி. வீட்டுக்கு ஐந்து கோழி என்று நன்கொடை திரட்டுவது எளிது, படமும் அழகாக வரும். ஆனால் நம் ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்கிறோமே, அதே நோய் அங்கும் ஒரே வாரத்தில் ஊர்க் கோழிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போகும். வெப்பம் தாங்கும் ஐ-2 தடுப்பு மருந்து இருக்கிறது. கண்ணில் ஒரு சொட்டு விட்டால் போதும், ஆனால் நான்கு மாதத்துக்கு ஒருமுறை விட வேண்டும். மொசாம்பிக், தான்சானியா, மலாவி கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களே இதைக் கற்றுக்கொண்டு சிறு கட்டணம் வாங்கிப் போடுகிறார்கள். கோழிக்குப் பணம் கேட்டு உங்களிடம் யாராவது வந்தால், அந்தச் சொட்டு மருந்தை யார் போடுவார்கள், இரண்டாம் வருடம் மருந்து எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால், உங்கள் பணத்தைக் கோழிக்குப் பதிலாக அந்தத் தடுப்பூசிப் பணிக்குக் கொடுக்கலாம்.