பிரான்சிலும் நம் வீட்டுச் சாப்பாடு: பெட்டியில் வடகம் இருக்கட்டும்

புதுச்சேரியிலிருந்து பிள்ளைகளோடு பிரான்சுக்குக் குடிபெயர்பவர்கள் பெட்டியில் முதலில் வைக்க வேண்டியது தாளிப்பு வடகம் என்றே சொல்வேன். சின்ன வெங்காயம், பூண்டு, உளுத்தம்பருப்பு, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள்தூள் ஆகியவற்றைப் பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, சித்திரை வெயிலில் பல நாள் காயவைத்த அந்த உருண்டை, ஈரம் படாமல் மூடி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. நெல்லிக்காய் அளவு எடுத்து நல்லெண்ணெயில் போட்டு, கடுகு வெடித்து வெங்காயம் சிவக்கும் வரை சிறு தீயில் வைத்து, கீரைக் கடைசலிலோ காரக்குழம்பிலோ கொட்டினால் வீடெங்கும் ஊர் மணக்கும். உதிர்க்கும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். பள்ளிச் சாப்பாட்டுக்குப் பழகிவிட்ட என் மகள், தன் கையால் உதிர்த்த வடகம் மிதக்கும் குழம்பை மட்டும் மறுக்காமல் சோற்றில் பிசைந்து உண்கிறாள்.

நெய்யை எடுத்துச் செல்ல வேண்டாம். இந்தியாவிலிருந்து வருபவர்கள் பால் பொருள்களையும் இறைச்சியையும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றிய விதிகள் அனுமதிப்பதில்லை. அங்கே கடைகளில் கிடைக்கும் 250 கிராம் உப்பில்லாத வெண்ணெயை அடிகனமான பாத்திரத்தில் உருக்கி, அடியில் கசடு பொன்னிறமானதும் இறக்கி வடிகட்டினால், மணல் மணலாக உறையும் நல்ல நெய் கிடைத்துவிடும். கருவாட்டுக்கு அந்தத் தடை இல்லை. மீன் பொருள்களை ஒருவர் 20 கிலோ வரை கொண்டு செல்லலாம்.

பிரெஞ்சுப் பள்ளிகள் பலவற்றில் புதன்கிழமை விடுமுறை அல்லது அரைநாள் என்பதால், எங்கள் வீட்டில் வடகக் குழம்பு அன்றைக்குத்தான்.