வளவில் படம் காட்டப் போகிறீர்களா?

லீவுக்குப் பிள்ளைகள் காரைக்குடி வந்தால், வளவிலேயே, அதாவது வீட்டு நடு முற்றத்திலேயே, ஒரு சாகசப் படம் போடலாம். எட்டு முழ வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்துத் தூண்களுக்கு நடுவே கட்டுங்கள். கிட்டத்தட்ட 1.8 மீட்டர் அகலத்துக்குப் படம் விழும். த்ரோ ரேஷியோ (திரைக்கு உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது) 1.5 உள்ள புரொஜெக்டரை 2.7 மீட்டர் தள்ளி வைக்கவும். காற்றில் துணி ஆடினால் முகமெல்லாம் நெளியும். அடி ஓரத்தைக் கொஞ்சம் மடித்துத் தைத்து, அதில் ஒரு மூங்கில் கம்பைச் செருகினால் விறைப்பாக நிற்கும். மே மாதத்தில் ஏழு மணிக்கு முன்னால் ஆரம்பிக்காதீர்கள், படம் வெளிறும்.

பெரிய தொல்லை எதிரொலிதான். ஆத்தங்குடித் தரைக்கல்லும் வழுவழுச் சுவரும் ஒலியை உறிஞ்சாது, வசனம் குழம்பிவிடும். கோரைப்பாய் மட்டும் போதாது, மேலே ஜமுக்காளத்தை மடித்து விரியுங்கள். ஸ்பீக்கர் திரையடியில், பிள்ளைகளின் காது உயரத்தில் இருக்கட்டும்.

எந்தப் படம்? முதல் கால் மணிக்குள் பெரியவர்கள் கதையைவிட்டு விலகி, பிள்ளைகளே முடிவெடுக்கிற படமாகப் பாருங்கள். அப்பத்தா காலத்துப் படம் இன்றும் பேரனைக் கட்டிப்போடுவது இதனால்தான். 1982-இல் வந்த 'ஈ.டி.' என்ற ஹாலிவுட் படம் 115 நிமிடம்தான். ஒரே இடைவேளை போதும். அதையும் பயம் உச்சத்தில் இருக்கும்போது விடாதீர்கள், சின்னதுகள் அழும். ஆபத்து ஒன்று தீர்ந்த பிறகு நிறுத்திச் சீப்புச்சீடையைக் கொடுங்கள்.