பிரதிவாதி யார்? ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்ற) போட்டிக்குத் தயாராகும் ஜூனியர்கள் போன வாரம் ஏழு வாதுரைகளை அனுப்பியிருந்தார்கள். அதில் நாலு பேர், படிக்கும் காலத்தில் நான் செய்த அதே தப்பைச் செய்திருந்தார்கள். மனித உரிமைகளுக்கான ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் வேறு, ஐரோப்பிய ஒன்றியத்தின் லக்சம்பர்க் நீதிமன்றம் வேறு என்பதையெல்லாம் எந்தப் பாடப்புத்தகமும் முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடும். அதற்குள் நான் போகவில்லை. முதலில் அந்த நாலு பேரின் தப்பு, பிறகு இன்னும் சில.

தனியார் மீது டைரக்டிவை ஏவுவது

ரெகுலேஷன் என்றால் எல்லா உறுப்பு நாடுகளிலும் அப்படியே சட்டம். டைரக்டிவ் அப்படியில்லை. இன்ன தேதிக்குள் இன்ன பலன் கிடைக்கும்படி செய் என்று நாட்டுக்குச் சொல்வது அது. எப்படிச் செய்வது என்பது அந்த நாட்டின் பாடு. நாடு கெடுவைத் தவறவிட்டால், விதி தெளிவாகவும் நிபந்தனை இல்லாமலும் இருக்கும் பட்சத்தில், குடிமகன் அதையே நேரடியாக நீதிமன்றத்தில் காட்டலாம். 1974-ல் வந்த வான் டூய்ன் தீர்ப்பு இதற்கு வழி திறந்தது. இதுவரை எல்லோரும் ஒழுங்காக எழுதுகிறார்கள். எழுதிய குஷியில், எதிரே நிற்பவர் யார் என்று பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

என் தேர்வில் வந்தது ஒரு டூர் கம்பெனி. வாடிக்கையாளர் பணத்தைத் திருப்பித் தரவில்லை, டைரக்டிவும் அந்த நாட்டில் அமலாகவில்லை. நாலு பக்கம் எழுதித் தள்ளினேன். ஓரத்தில் பேராசிரியர் எழுதியிருந்தது இரண்டே சொல்: "பிரதிவாதி யார்?" ஃபெயில். மறுதேர்வுக்கு ஆறு மாதம், அதற்காக வீசா நீட்டிப்பு, கூடுதல் வாடகை. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான்.

ஏனென்றால் விடை 1986-லேயே மார்ஷல் வழக்கில் இருக்கிறது: டைரக்டிவ் தனியார் மீது கடமை சுமத்தாது. 62 வயதில் வேலையிலிருந்து அனுப்பப்பட்ட மார்ஷல் என்ற பெண் ஜெயித்தார். ஆண்களுக்கு அங்கே ஓய்வு வயது 65. ஆனால் அவரை வேலைக்கு வைத்திருந்தது அரசின் சுகாதார அமைப்பு. அதனால்தான் ஜெயித்தார். ஜூனியர்கள் ஜெயித்ததை மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

ஃபச்சினி டோரி வழக்கைப் பாருங்கள். 1989-ல் மிலான் சென்ட்ரல் ஸ்டேஷனில் ஒரு பெண்ணிடம் தபால் வழி ஆங்கிலப் படிப்புக்குக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். நாலே நாளில் வேண்டாமென்று பதிவுத் தபால் அனுப்புகிறார். இப்படிக் கடைக்கு வெளியே போட்ட ஒப்பந்தத்தை ஏழு நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று டைரக்டிவ் இருந்தது. 1987 முடிவதற்குள் இத்தாலி அதைச் சட்டமாக்கியிருக்க வேண்டும். ஆக்கவில்லை. 1994-ல் நீதிமன்றம் சொன்னது: கம்பெனிக்கு எதிராக டைரக்டிவை நேரடியாகக் காட்ட முடியாது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? கெடுவைத் தவறவிட்டது ரோம்.

அதற்காக அந்தப் பெண்ணுக்கு வழியே இல்லை என்று எழுதினாலும் தப்பு. முதலில் எதிராளி அரசின் அங்கமா என்று பாருங்கள். 1990-ல் ஃபாஸ்டர் வழக்கில், சம்பவம் நடந்தபோது அரசு வசம் இருந்த பிரிட்டிஷ் கேஸ் நிறுவனம் இப்படித்தான் மாட்டியது. இல்லையென்றால், உள்நாட்டுச் சட்டத்தை முடிந்தவரை டைரக்டிவுக்கு இணங்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு மார்லீசிங் தீர்ப்பு இருக்கிறது. அதுவும் நடக்காவிட்டால், 1991-ன் ஃபிராங்கோவிச் தீர்ப்பைப் பிடித்து நாட்டிடமே நஷ்டஈடு. சில விதிவிலக்குகளும் உண்டு. மங்கோல்டு தீர்ப்பை அப்புறம் படியுங்கள், முதல் பக்கத்தில் அதைக் கொண்டுவராதீர்கள்.

அட்வகேட் ஜெனரல் சொன்னதைத் தீர்ப்பு என்பது

அட்வகேட் ஜெனரல் என்பவர் தீர்ப்புக்கு முன் நீதிமன்றத்துக்குக் கருத்து சொல்பவர்; அது நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஃபச்சினி டோரியில் அட்வகேட் ஜெனரல் லென்ஸ், இனிமேலாவது தனியாருக்கு எதிராகவும் டைரக்டிவ் செல்ல வேண்டும் என்றுதான் கருத்து சொன்னார். நீதிமன்றம் ஏற்கவில்லை.

பழைய எண்ணை அப்படியே எழுதுவது

இறக்குமதிக் கட்டுப்பாடுகள் பற்றிய காஸிஸ் டி டிஜான் தீர்ப்பில், ரோம் ஒப்பந்தத்தின் 30-வது பிரிவு என்று வரும். அது ஆம்ஸ்டர்டாம் ஒப்பந்தத்துக்குப் பிறகு 28 ஆனது, லிஸ்பனுக்குப் பிறகு 34. கூத்து என்னவென்றால், 30 என்ற எண் சும்மா இருக்கவில்லை. 1999 வரை அது இறக்குமதிக் கட்டுப்பாடுகளுக்கான தடை, அப்புறம் பத்து வருடம் அந்தத் தடைக்கான விலக்கு, இப்போது சுங்க வரி பற்றியது. எண்ணுக்குப் பக்கத்தில் எந்த ஒப்பந்தம் என்று எழுதாதவர்களுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை.

டாசன்வில்லோடு நிறுத்துவது

இறக்குமதிக்கு இடைஞ்சலாகும் எந்த வணிக விதியும் தடைக்குள் வரும் என்று டாசன்வில் தீர்ப்பு அகலமாகச் சொன்னது. பொருளை எப்படி விற்பது என்ற விதிகள் சிலவற்றை அதிலிருந்து வெளியே எடுத்த, 1993-ன் கெக் தீர்ப்பு வரை போங்கள்.

ஒற்றைச் சந்தையும் சுங்க ஒன்றியமும் ஒன்றென நினைப்பது

ஒற்றைச் சந்தை என்றால் பொருள், ஆள், சேவை, மூலதனம் பொது விதிகளின்படி நடமாடும் இடம்; சுங்க ஒன்றியம் என்றால் உள்ளே சுங்க வரி இல்லை, வெளியிலிருந்து வருவதற்கு ஒரே வரி. நார்வே ஒற்றைச் சந்தையில் இருக்கிறது, சுங்க ஒன்றியத்தில் இல்லை. அதனால் நார்வே மீன் ஸ்வீடனுக்குள் போக இன்றும் சுங்கத் தாள் வேண்டும். துருக்கி நேர்மாறு: தொழிற்சாலைப் பொருள்களுக்குச் சுங்க ஒன்றியம் உண்டு, ஒற்றைச் சந்தை கிடையாது. ஸ்விட்சர்லாந்து இரண்டிலுமே இல்லை, தனித்தனி உடன்படிக்கைகளை வைத்து ஓட்டுகிறது.