பழைய தேக்குச் சட்டத்தில் ஒரு தொங்குவிளக்கு: செய்முறை விளக்கம்

இடித்த வீட்டின் தேக்குச் சட்டம் ஒன்றும் மூன்று பல்பு ஹோல்டர்களும் இருந்தால், சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கவிட அழகான விளக்கைச் செய்துவிடலாம். நகரத்தார் பர்மாவிலிருந்து கொண்டுவந்த தேக்கில் கட்டிய செட்டிநாட்டு வீடுகள் பல இடிக்கப்பட்டுவிட்டன. அவற்றின் தூண்களும் கதவுகளும் சட்டங்களும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விற்பனைக்கு வருகின்றன. அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. உங்கள் ஊர்ப் பழைய மரக்கடையே போதும். மரம் எவ்வளவு பழையதாகவும் இருக்கட்டும், மின்பொருள்கள் அனைத்தும் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள புதியவையாகவே இருக்க வேண்டும்.

மரத்தைத் தேர்ந்தெடுத்தல்

3 அடி நீளம், 4 அங்குல அகலம், 3 அங்குலக் கனம் உள்ள சட்டம் ஏறத்தாழ நாலரை கிலோ இருக்கும். சுத்தியலால் தட்டிப் பாருங்கள்: வைரம் பாய்ந்த மரம் கணீரென்று ஒலிக்கும், உளுத்தது மந்தமாக ஒலிக்கும். சிறு துளைகளிலிருந்து மாவுபோல் தூள் கொட்டினால் அதை வாங்காதீர்கள்.

மரத்தைப் பக்குவப்படுத்துதல்

முதலில் ஆணிகள் அனைத்தையும் பிடுங்கிவிடுங்கள். உள்ளே ஒன்று தங்கினாலும் துளையிடும்போது பிட் முறிந்துவிடும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், பெயின்ட் பூசிய சட்டத்தை வீட்டுக்குள் உலர்வாகத் தேய்க்கக் கூடாது. வெறும் மரமென்றால் முகக்கவசம் அணிந்து, 80, 120, 220 எண் உப்புத்தாள்களால் வரிசையாக, ரேகையின் போக்கிலேயே தேய்த்துக்கொண்டு வாருங்கள். சாம்பல் நிற மேல்தோல் போய்ப் பொன்பழுப்பு தெரிந்து, தேக்கின் எண்ணெய் மணம் எழும்போது நிறுத்திவிடலாம். ஆணித் துளைகளையும் அவற்றைச் சுற்றிய துருக்கறையையும் உளித்தடங்களையும் மக்கு (புட்டி) வைத்து மறைக்காதீர்கள். கடையில் விற்கும் விளக்கு எதிலும் கிடைக்காத அழகு அவற்றில்தான் இருக்கிறது.

பிறகு ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் துணியால் பூசி, நன்றாக உலர விடுங்கள். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். ஆகவே திறந்த வெளியில் விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போட வேண்டும்.

வயரிங்

நடுவில் ஒன்றும் அதிலிருந்து இருபுறமும் ஓரடி தள்ளி ஒவ்வொன்றுமாக, மேலிருந்து கீழாக 10 மி.மீ. துளைகள் மூன்று போடுங்கள். சட்டத்தின் மேற்பக்கத்தில் உளியால் ஆழமில்லாத பள்ளம் வெட்டி, மூன்று வயர்களையும் அதன் வழியே நடுவில் திருகிய சிறு பிவிசி ஜங்ஷன் பெட்டிக்குக் கொண்டுவாருங்கள். 0.75 சதுர மி.மீ. ஃபிளெக்சிபிள் வயர் இதற்குப் போதும். பெட்டிக்குள் பேஸ் (மின்சாரம் வரும்) வயர்களை ஒரு கனெக்டரிலும் நியூட்ரல் வயர்களை வேறொன்றிலும் சேர்த்தால், மூன்று பல்புகளும் பக்க இணைப்பில் 230 வோல்ட்டை முழுமையாகப் பெறும். திருகு வகை ஹோல்டரானால், பேஸ் நடுமுனைக்கே செல்ல வேண்டும். தொடக்கநிலையினருக்கு பேக்கலைட் (மின்கடத்தாத கெட்டி பிளாஸ்டிக்) ஹோல்டரே நல்லது. பித்தளை ஹோல்டர் என்றால் மூன்று கம்பி வயர் போட்டு எர்த் கொடுப்பது கட்டாயம். ஹோல்டரின் எடை கம்பி முனைகளில் விழாதபடி, துளைக்கு மேலே வயரை கிளிப்பால் இறுக்கிவிடுங்கள்.

தொங்கவிடுதல்

சட்டத்தின் இரு முனைகளிலிருந்தும் காலடி (3 அங்குலம்) உள்ளே, மரத்தை ஊடுருவி மறுபுறம் நட்டு போட்ட வளைய போல்ட்டுகளை மாட்டி, இரும்புச் சங்கிலியில் தொங்கவிடுங்கள். பால்ஸ் சீலிங்கில் ஒருபோதும் மாட்டக் கூடாது. கான்கிரீட் தளத்தில் ஆங்கர் போல்ட் அடித்தே மாட்ட வேண்டும். சுமை முழுவதும் சங்கிலியில் இருக்க, வயர் தளர்வாகத் தொங்க வேண்டும்.

எம்.சி.பி.யை (மின்பெட்டியிலுள்ள பாதுகாப்பு சுவிட்சை) அணைத்து, மின்சாரம் இல்லையென்று டெஸ்டரால் சரிபார்த்த பின், கூரை இணைப்பை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் ஒப்படையுங்கள். மேசைப் பரப்பிலிருந்து பல்பு இரண்டரை அடி முதல் மூன்றடி உயரத்தில் இருந்தால் கண் கூசாது. 2700 கெல்வின் நிற (இதமான மஞ்சள் ஒளி தரும்) எல்.இ.டி. பல்புகளைப் போட்டால் தேக்கின் ரேகை நன்றாக எடுபடும். ஒன்றுக்கு 4 வாட் போதும்.